வலி மருந்து கிடைக்காத மருத்துவமனையில் தலைப்பிரசவம்: வலியைத் தாங்க எப்படித் தயாராவது?

கேள்வி: கயல்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். 35-ஆவது வாரம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். வலி கண்டதும் கிளம்பி வருவதாக ஏற்பாடு. ஊருக்கு அருகில் உள்ள அரசு மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்க முடிவு செய்திருக்கிறோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருக்கின்றன. குழந்தையின் தலை கீழே திரும்பியிருப்பதாகக் கடைசி ஸ்கேனில் சொன்னார்கள். சுகப்பிரசவத்துக்கு இப்போதைக்குத் தடை எதுவும் தெரியவில்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் நெஞ்சை அழுத்துகிறது. ‘வலியில்லாப் பிரசவம்’ என்று சொல்லி நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் முதுகில் போடும் எபிடியூரல் ஊசி எங்கள் மருத்துவமனையில் இல்லை. மயக்க மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு அழைத்தால் வருவார். இரவும் பகலும் இருந்து ஒவ்வொரு தாய்க்கும் அந்த ஊசியைப் போட்டுக் கவனித்துக்கொள்ள ஆள் இல்லை என்று அங்குள்ள சிஸ்டர் வெளிப்படையாகவே சொன்னார். தனியாருக்குப் போகும் வசதி எங்களுக்கு இல்லை. இந்த மருத்துவமனையின் மீது நம்பிக்கைக் குறைவும் இல்லை. ஆகவே வலியை மருந்தில்லாமல்தான் கடக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். எப்படிக் கடப்பது என்பதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

வீட்டில் கேட்டால், ‘ஊர் உலகத்தில் யாரும் பெற்றுக்கொள்ளவில்லையா?’ என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் செத்துப் பிழைத்த கதைகளாகச் சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. வலி எப்படித் தொடங்கும், எந்தக் கட்டத்தில் எப்படி மாறும், அந்தந்தக் கட்டத்தில் நான் செய்யக்கூடியது என்ன, எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், உள்ளே துணைக்கு யாரை அழைத்துப் போவது நல்லது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். தைரியம் சொல்வதைவிட விவரம் சொல்வதையே எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி: செல்வி, மதுரை

கயல், துணைக்கு யார் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை பெரும்பாலும் அதையொட்டித்தான் அமையும். அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் ஒருவர் உடனிருக்கலாம். மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அவர் பெண் உறவினராகவும், முடிந்தவரை தாமே பிரசவம் கண்டவராகவும் இருக்க வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு இருக்கும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். உங்கள் மருத்துவமனையில் நடைமுறை என்ன என்பதை அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள். வலியோடு வாசலில் நின்று கேட்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

என் முதல் பிரசவத்துக்கு அம்மாதான் உடன் வந்தார். என் அம்மாவைப் போல் என்னைப் பார்த்துக்கொண்டவர் யாரும் இல்லை. ஆனால் நான் வலியில் துடிப்பதைக் காணும் தெம்பு அவருக்கு இல்லை. அவர் கண் கலங்கும்போதெல்லாம் ‘ஏதோ ஆகப்போகிறது’ என்ற பயம் எனக்குள் ஏறியது. இரண்டாவது பிரசவத்துக்கு என் நாத்தனாரை அழைத்துப் போனேன். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நின்றபோது, ஒரு கையால் என் இடுப்பெலும்பை முன்பக்கம் தாங்கிக்கொண்டு, மற்றக் கையின் அடிப்பகுதியால் முதுகின் கீழே, பிட்டம் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள தட்டையான எலும்பில், தன் உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்தினார். வலி ஏறத் தொடங்கும்போது அழுத்தி, இறங்கி முடியும் வரை கையை எடுக்கவே மாட்டார். கை நழுவாமல் இருக்கச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். வலி விட்டதும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுவார். பிறகு அடுத்த வலி. இவ்வளவுதான் செய்தார். வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். அதைத் தனியாகச் சுமக்கவில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

எனவே பாசம் யாருக்கு அதிகம் என்று பார்க்காமல், பதறாத குணமும் கையில் வலுவும் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். அழைத்துப் போகிறவருக்கு இப்போதிருந்தே பழக்கிக்கொடுங்கள். இன்னொன்று: சில பிரசவ அறைகளில் வலியில் கத்தும் பெண்ணிடம் தகாத வார்த்தை பேசும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. என் முதல் பிரசவத்தில் அப்படி ஒரு சொல்லைக் கேட்டேன். அது இன்னும் மறக்கவில்லை. பக்கத்தில் நிதானமான ஒருவர் நின்றாலே அத்தகைய பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காகவும் துணை வேண்டும்.

மறுமொழி: மல்லிகா, ஓய்வு பெற்ற செவிலியர்

அன்புள்ள மகள் கயலுக்கு, அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீ விவரம் கேட்டிருக்கிறாய். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். பிரசவ வலி ஒரே மூச்சாகத் தொடரும் வலி அல்ல. அது ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும், பிறகு விட்டுவிடும். நன்றாக வலி பிடித்த நிலையில்கூட ஒரு வலி ஏறக்குறைய ஒரு நிமிடம். அடுத்த வலிக்கு முன் இரண்டு மூன்று நிமிடங்கள் இடைவெளி கிடைக்கும். மருந்தில்லாமல் பெற்ற பெண்கள் எல்லாம் வலியைப் பொறுத்துக்கொண்டு கடந்தார்கள் என்று நினைக்கிறோம். நான் பார்த்த வரையில் அவர்கள் இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டுதான் கடந்தார்கள். வலி விட்ட நொடியில் தோளைத் தளர்த்தி, கண்ணை மூடி, சிலர் குறட்டை விடும் அளவுக்கு உறங்கிவிடுவார்கள். அடுத்த வலியை நினைத்து இடைவெளியிலும் உடம்பை முறுக்கிக்கொண்டிருக்கும் பெண்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறாள். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையின் வேலையையே மந்தப்படுத்திவிடக் கூடும். ஆகவே நீ பழக வேண்டிய முதல் வித்தை, வலி விட்டதும் உடம்பை விட்டுவிடுவது. இரவில் படுக்கும்போது நெற்றி, தாடை, தோள், உள்ளங்கை, தொடை என்று ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்திப் பார். தாடை தளர்ந்தால் மற்றவை தாமாகத் தளரும்.

இனி வரிசையாகச் சொல்கிறேன். ஒன்பதாம் மாதத்தில் வயிறு அவ்வப்போது கல்லாகி இளகும். மாலை நேரத்தில் இடுப்பில் வலி வந்து போகும். ஊரில் இதைச் சூட்டு வலி என்பார்கள். சீரகத்தைக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, வலி அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் ஏறினால் நிஜ வலி என்று பெரியவர்கள் சொல்வார்கள். சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. ஆனால் நீ பார்க்க வேண்டியது வேறு: நடந்தாலும் படுத்தாலும் நிற்காமல், நேரம் ஆக ஆக வலி நீண்டு, இடைவெளி சுருங்கி, முதுகிலிருந்து அடிவயிற்றுக்குச் சுற்றி வந்தால் அது நிஜ வலி. சளி போன்ற திரவம் ரத்தம் கலந்து படுவதும் ஓர் அறிகுறி.

தலைப்பிரசவத்தில் தொடக்கக் கட்டம் மிக நீளமாக இருக்கும். கர்ப்பப்பை வாய் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து 5 சென்டிமீட்டர் திறக்கும் வரை அதற்கு இவ்வளவு மணி நேரம் என்று கணக்கே கிடையாது. அதன்பின் வேகம் பிடிக்கும். அந்தக் கட்டம் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் போவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில் சொல்கிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்து மட்டும் அவசரப்படக் கூடாது என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உள்ளே பரிசோதித்துவிட்டு ‘இன்னும் 3 சென்டிமீட்டர்தான்’ என்று சொன்னால் பல பெண்கள் அங்கேயே மனம் உடைந்துபோகிறார்கள். அது தோல்வியின் அடையாளம் அல்ல. இன்னும் தூங்கலாம், சாப்பிடலாம், நடக்கலாம் என்று பொருள்.

இந்தத் தொடக்கக் கட்டத்தை வீட்டில் கழிக்க முடிந்தால் நல்லது. இட்லி, கஞ்சி, வாழைப்பழம், மோர், இளநீர் என்று வயிற்றுக்குப் பாரமில்லாததைச் சாப்பிடு. வெந்நீரில் இடுப்புக்குத் தாராளமாக ஊற்றிக் குளி. ஆனால் பனிக்குடம் உடைந்திருந்தால் வீட்டில் தங்காதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்துவிடு. நிரம்பிய சிறுநீர்ப்பை வலியையும் கூட்டும், தலை இறங்குவதையும் தடுக்கும். பகல் என்றால் வீட்டுக்குள்ளேயே நட. இரவு என்றால் இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கப் பார். இப்போதே எல்லா வித்தையையும் செலவழித்துவிடாதே.

பத்து நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை வலி வந்து, வலியின்போது பேச்சே எழாத நிலை வந்தால் கிளம்பு. வீட்டிலிருந்து மருத்துவமனை தூரம் என்றால் அதற்கும் முன்பே கிளம்பு. 108 ஆம்புலன்ஸ் இலவசம்தான், தயங்காமல் அழை. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ, நீர் பச்சை நிறத்தில் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடுமையான தலைவலியோடு பார்வை மங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. முக்கியமாக, விட்டு விட்டு வராமல், இடைவெளியே இல்லாமல் வயிறு கல்லாகவே இருந்து வலித்தால் அது தாங்கிக்கொள்ள வேண்டிய வலி அல்ல. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய வலி.

வலி வேகம் பிடித்தபின் மூச்சுதான் உன் கைப்பிடி. வலி தொடங்கும்போது மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, வாயால் இழுத்ததைவிட நீளமாக விடு. எண்ண வேண்டும் என்று கட்டாயமில்லை. விடும் மூச்சு நீளமாக இருந்தால் போதும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதுபோல் இருந்து தலை சுற்றினால் மிக வேகமாக மூச்சு விடுகிறாய் என்று பொருள். துணைக்கு இருப்பவர் உன் முகத்துக்கு நேரே நின்று மெதுவாக மூச்சு விட்டுக் காட்டட்டும். சத்தம் வந்தால் அடக்காதே. கீச்சென்று தொண்டையில் கத்தும்போது தோளும் தாடையும் இறுகிவிடும். அடிவயிற்றிலிருந்து ‘ஊ’ என்று தாழ்ந்த குரலில் முனகினால் உடம்பு இளகும். ‘கத்தாதே’ என்று யாராவது சொன்னால், முனகுவது கத்துவதில் சேராது என்று சொல்.

மல்லாந்து படுத்திருப்பது வலிக்கு ஆகவே ஆகாது. நில், நட, கட்டிலைப் பிடித்துக் குனி, துணைக்கு இருப்பவரின் கழுத்தில் கைபோட்டுத் தொங்கு, முட்டி போட்டு முன்னால் சாய். நிமிர்ந்தும் நடமாடியும் இருக்கும் பெண்களுக்கு முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் கண்ணால் கண்டதும் அதுதான்.

8 சென்டிமீட்டருக்கு மேல், முழுதாகத் திறப்பதற்குச் சற்று முன், ஒரு கட்டம் வரும். இடைவெளி மிகவும் சுருங்கிவிடும். உடம்பு நடுங்கும், வாந்தி வரும், குளிரும் வியர்வையும் மாறி மாறி வரும். ‘என்னால் முடியாது, ஆபரேஷன் செய்துவிடுங்கள்’ என்று மிகவும் திடமான பெண்ணும் கெஞ்சுவாள். மகளே, இந்தப் பத்தியை உன் துணைக்கு வருகிறவருக்கும் படித்துக் காட்டு. முடியாது என்று தோன்றும் அந்த நேரம்தான் முடியப்போகும் நேரம். பெரும்பாலும் இதுதான் மிகச் சிறிய கட்டம். இங்கே அறிவுரை வேண்டாம். ‘இந்த ஒரு வலி மட்டும்’ என்று சொல்லிக் கண்ணைப் பார்த்துக்கொண்டு உடன் நிற்க ஒருவர் வேண்டும்.

அதன்பின் மலம் கழிக்க வருவதுபோல் ஓர் அழுத்தம் தோன்றும். வலியின் குணமே மாறிவிடும். பலருக்கு இது ஓர் ஆறுதலாகக்கூட இருக்கும், ஏனென்றால் இப்போது உடம்புக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அந்த உந்துதல் வரும்போது முக்கு; வராதபோது ஓய்வெடு. தலை வாசலுக்கு வரும்போது எரிச்சல் சுளீரென்று இருக்கும். அப்போது சிஸ்டர் முக்க வேண்டாம் என்று சொன்னால், வாயைத் திறந்து நாய் இரைப்பதுபோல் சின்னச் சின்னதாக மூச்சு விடு. மெதுவாக வந்தால் கிழிசல் குறையும். வயிற்றின் மேலிருந்து கையால் அழுத்தித் தள்ளுவது பரிந்துரைக்கப்பட்ட முறை அல்ல. எல்லோருக்கும் கட்டாயமாக வெட்டித் தையல் போடுவதும் அப்படியே. தேவைப்பட்டு வெட்டினாலும், கிழிந்து தைத்தாலும் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத்தான் தைக்க வேண்டும். மருந்தில்லாப் பிரசவம் என்பதற்காகத் தையலையும் மருந்தில்லாமல் தாங்கத் தேவையே இல்லை. ஊசி போட்டபின்னும் உறைத்தால் உடனே சொல்லிவிடு.

மறுமொழி: மயக்கவியல் மருத்துவர்

மல்லிகா அம்மா சொன்னவற்றில் மருத்துவ ரீதியாக நான் திருத்த எதுவும் இல்லை. சேர்க்க வேண்டியவை சில உள்ளன.

முதுகை அழுத்துவதும் வெந்நீர் ஊற்றுவதும் மனத்துக்கு மட்டும் ஆறுதல் தருபவை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கர்ப்பப்பையின் வலியைக் கொண்டுவரும் நரம்புகள் தண்டுவடத்தைச் சேரும் அதே மட்டத்தில்தான் கீழ்முதுகிலிருந்தும் அடிவயிற்றுத் தோலிலிருந்தும் வரும் நரம்புகளும் சேர்கின்றன. பிரசவ வலி முதுகில் தெரிவதற்குக் காரணமும் இதுவே. தொடுதல், அழுத்தம் போன்ற உணர்வுகள் தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலே செல்வதைக் குறைக்கின்றன என்ற விளக்கத்தை ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் முன்வைத்தனர். அதன் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்திருக்கிறது. அதேபோல, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, பிரசவம் முழுவதும் ஒருவர் இடைவிடாமல் உடனிருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுவதையும், வலி மருந்தின் தேவையும் அறுவை சிகிச்சையும் குறைவதையும் காட்டியது. செல்வி அவர்களின் நாத்தனார் செய்தது சிகிச்சைதான்.

கயல் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. எபிடியூரல் இல்லை என்பதற்காக, வலிக்கு எந்த மருந்துமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பல அரசு மருத்துவமனைகளில் தசையில் அல்லது ரத்தக்குழாயில் போடும் வலி குறைக்கும் ஊசிகள் உண்டு. அவை வலியை முழுதாக நீக்குவதில்லை. குமட்டலும் மயக்கமும் வரலாம். குழந்தை பிறக்கும் நேரத்துக்கு மிக நெருக்கமாகப் போட்டால் குழந்தையின் மூச்சு சற்று மந்தமாகலாம் என்பதால் நேரம் பார்த்துத்தான் போடுவார்கள். ஆயினும் தூக்கமில்லாமல் நெடுநேரம் வலி கண்டு சோர்ந்த பெண்ணுக்கு ஓர் ஊசி தரும் ஓய்வு பெரிய உதவி. எங்கள் துறையில் வலி மருந்து கேட்ட தாய்மார்களையும் பார்த்திருக்கிறேன், கேட்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவரில் யாரும் மற்றவரைவிடத் தாழ்ந்தவர் அல்லர். கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள்.

வலி வருவதற்காகக் குளுக்கோஸில் ஆக்ஸிடாசின் மருந்து ஏற்றினால், வலிகள் அடுத்தடுத்து வலுவாக வரக்கூடும். மூச்சு விடவும் இடைவெளி போதவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள், சொட்டின் வேகத்தை அவர்கள் குறைத்துப் பார்ப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் வலி வருவது குழந்தைக்கும் நல்லதல்ல. கடைசியாக, சூழ்நிலை மாறி அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் பெரும்பாலும் முதுகில் மயக்க ஊசி போட்டும், சில வேளைகளில் முழு மயக்கம் கொடுத்தும் செய்வார்கள். அந்த வேளையில் மருந்தில்லாத நிலை என்பது அரசு மருத்துவமனையிலும் கிடையாது.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களில் சிலருக்கும் பெரிய மருத்துவமனையிலேயே எபிடியூரல் போட முடியாது. ஆகவே இங்கே பேசப்படும் முறைகள் எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

கயல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கும் என் அத்தைக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அத்தையைத் துணைக்கு அழைத்துப் போவது என்று நாங்கள் பேசி முடிவு செய்துவிட்டோம். அம்மா வெளியே இருந்து கணவர் வரும் வரை மற்ற ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்வார். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. பிரசவ அறையில் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அடுத்து, தேதி நெருங்கியதும் விளக்கெண்ணெய் குடித்தால் வலி சீக்கிரம் வந்து சுலபமாகப் பெற்றுவிடலாம் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார். குடிக்கலாமா?

மறுமொழி: ஆயிஷா, நாகப்பட்டினம்

கயல், கட்டிலை விட்டு இறங்க விடாத நிலை எனக்கும் ஏற்பட்டது. குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்க்கும் பட்டையை வயிற்றில் கட்டியிருந்தார்கள். எனக்கு வலி முழுவதும் முதுகில்தான். குழந்தையின் முகம் மேல்நோக்கி இருந்ததே காரணம் என்று பிறகு சொன்னார்கள். மல்லாந்து படுத்தபோது உயிரே போவதுபோல் இருந்தது. ‘சிஸ்டர், இறங்கவில்லை, கட்டிலிலேயே முட்டி போட்டுக்கொள்ளட்டுமா?’ என்று என் சின்னம்மா தன்மையாகக் கேட்டார். ஒப்புக்கொண்டார்கள். தலையணைகளை அடுக்கி, அதன்மேல் நெஞ்சைச் சாய்த்து, முட்டியிலும் கையிலும் நின்றேன். முதுகு வலியில் பாதி இறங்கியதுபோல் உணர்ந்தேன்.

கடைசியில் தலை இறங்கவில்லை, துடிப்பும் குறைந்தது, அறுவை சிகிச்சையில்தான் என் மகன் பிறந்தான். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த நேரம் முழுவதும் நான் மூச்சு விட்டதும் முட்டி போட்டதும் வீண் என்று என் உறவினர் ஒருவர் பிறகு சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வலிகளை நான் பயமில்லாமல் கடந்தேன், அறுவை அரங்குக்கும் தெளிந்த மனத்தோடுதான் போனேன். உங்களுக்கு எப்படி முடிந்தாலும் பயிற்சி வீணாகாது.

மறுமொழி: மல்லிகா, ஓய்வு பெற்ற செவிலியர்

ஆயிஷா சொன்னதுதான் சரியான வழி. ‘இறங்கலாமா’ என்று கேட்டால் ‘கூடாது’ என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். ‘ஒருக்களித்துப் படுக்கலாமா, உட்காரலாமா, முட்டி போடலாமா’ என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஒன்றுமே முடியாவிட்டாலும் இடதுபுறம் ஒருக்களித்து, மேல் காலுக்கு இரண்டு தலையணை கொடுத்துக்கொண்டால் அத்தை முதுகை அழுத்த வசதியாக இருக்கும். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டத்தில் பிரசவ அறையின் தரத்துக்கான அளவுகோல்களில் பிரசவத் துணை, மறைப்பு, மரியாதையான கவனிப்பு ஆகியவையும் அடங்கும். இதைச் சண்டைக்குப் பயன்படுத்தாதே, ஆனால் நீ கேட்பது சலுகை அல்ல என்று தெரிந்துவைத்துக்கொள்.

இப்போதிருந்தே தினமும் மாலையில் அத்தையோடு பழகிப்பார். வயிறு கல்லாகும் நேரத்தையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்: நீ மூச்சு விடு, அவர் அழுத்தட்டும், எந்த இடத்தில் அழுத்தினால் இதமாக இருக்கிறது என்று நீ சொல். மருத்துவர் தடை சொல்லாவிட்டால், கீழ்ப்பகுதியைச் சுத்தமான எண்ணெய் தொட்டு விரலால் மெதுவாக நீவி விடுவது, தலைப்பிரசவத்தில் தையலுக்கான வாய்ப்பைக் குறைக்கும். இதை எப்படிச் செய்வது என்று கிராம சுகாதார செவிலியரிடம் நேரில் கேட்டுக்கொள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தை பிறந்த பிறகும் பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருங்கி வலிக்கும். அது கர்ப்பப்பை பழைய நிலைக்குத் திரும்பும் வலி. அதற்கு மாத்திரை தருவார்கள், வாங்கிச் சாப்பிடு.

விளக்கெண்ணெய் வேண்டாம். வயிறு போய், வாந்தி எடுத்து, நீர்ச்சத்து வற்றிய உடம்போடு வலிக்குள் நுழைந்தால் பாதித் தெம்பு அங்கேயே போய்விடும். அதைக் குடித்துவிட்டு வந்த பெண்கள் வலியைவிட வயிற்றுப்போக்கினால் துவண்டு கிடந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேதி தாண்டியும் வலி வராவிட்டால், வலி வரவைப்பதா, காத்திருப்பதா என்று மருத்துவமனையில் பார்த்துச் சொல்வார்கள். ‘குடிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார்’ என்று பாட்டியிடம் சொல்லிவிடு. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிப்போய்ப் பிரசவ அறையை ஒருமுறை பார்க்க அனுமதி கேள். கட்டில் எங்கே, கழிப்பறை எங்கே, சுடுதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று இருவரும் பார்த்துவிட்டு வாருங்கள்.